யாரும் படிக்காத பட்டியல்

பல்லவன் எக்ஸ்பிரஸ் இந்நேரம் தாம்பரத்துக்கு வந்திருக்கும் என்று சற்குணம் நினைத்தார். நினைத்த கையோடு தன்னையே திட்டிக்கொண்டார். எழும்பூர் வரைக்கும் போய் அலையாதீர்கள் மேடம், தாம்பரத்திலேயே இறங்கி மேடவாக்கம் வழியாக வந்தால் ஒரு மணி நேரம் மிச்சம் என்று போன வாரம் போனில் நாச்சம்மைக்கு வழி சொல்லிக் கொடுத்தவர் அவரேதான். பெரிய வழிகாட்டி. அந்த ஒரு மணி நேரம் இப்போது கையில் இருந்திருந்தால் என்னென்னவோ செய்திருக்கலாம். என்ன செய்திருப்பார்? ஒன்றும் செய்திருக்க மாட்டார். இதே நாற்காலியில், இதே குளிரில், காலை ஒன்பது இருபதிலிருந்து செய்துகொண்டிருப்பதையே செய்திருப்பார். திரையில் ஒரே கட்டளையை அடிப்பது, ஒரே பதிலை வாங்குவது. நாச்சம்மையின் பெயர் போட்ட இடத்தில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. மறுபடியும் அடித்தார். ஒன்றுமில்லை. சாவியைத் தொலைத்தவன் ஏற்கெனவே பார்த்த சட்டைப் பையையே திரும்பத் திரும்பத் தடவுவானே, அதுபோலத்தான். ஒன்பது டெராபைட். பதினான்கு மாதக் கணக்கீடு. நேற்றுக் காலை ஆறு மணிக்குத் துப்புரவு நிரல் ஓடியது, நான்கு நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டது. பதினான்கு மாதத்தை அழிக்க நான்கு நிமிடம் போதும் என்பது அவருக்குத் தெரியாத விஷயமா என்ன, அந்த நிரலை எழுதியவரே அவர்தான். நேர்த்தியாக எழுதியிருந்தார். ஒரு துணுக்கைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பொருநை இரைந்துகொண்டிருந்தது. மையத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், இதில் சூப்பர் கம்ப்யூட்டர் எது சார் என்று. நாற்பத்திரண்டு கறுப்பு அலமாரிகளும் சேர்ந்ததுதான் அது என்றால் முகம் வாடிவிடும். ஏதோ ராட்சதன் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்து வந்திருப்பார்கள். ராட்சதன் எல்லாம் இல்லை, ஆயிரக்கணக்கான சின்னக் கணினிகளை அடுக்கி, ஒரே கணக்கைத் துண்டுபோட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் போடுங்கள் என்று சொல்வது, அவ்வளவுதான். ஒருவர் போட்ட துண்டின் விடை பக்கத்தில் இருப்பவருக்கு உடனே வேண்டும், இல்லையென்றால் அடுத்த அடி எடுத்துவைக்க முடியாது, அதனால் எல்லாரும் எந்நேரமும் எல்லாரிடமும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இடத்தில் சற்குணம் எப்போதும் சிரிப்பார். இந்தக் கட்டடத்தில் பேச ஆள் இருப்பது அந்த அலமாரிகளுக்கு மட்டும்தான். அவர் வேலைக்குச் சேர்ந்த இருபத்தாறு வருஷத்தில் இது நான்காவது இயந்திரம். முதல் இயந்திரம் மொத்தமாகச் செய்ததை இப்போது அவர் சட்டைப் பையில் கிடக்கும் போன் செய்துவிடும். ஆறேழு வருஷத்துக்கு மேல் எதுவும் தாங்குவதில்லை. பழுதாகிப் போவதில்லை, பக்கத்தில் புதிது வந்துவிடும். பொருநைக்கு முன்னால் இருந்ததன் பெயர் பாலாறு. பேர் வைத்த வேளை, பாதி நாள் அதிலும் ஒன்றும் ஓடாது என்று ஊழியர்கள் கிண்டலடிப்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின, இந்த ஏப்ரலில் பழையதை நிறுத்தினார்கள். அதன் வட்டுகளில் இரண்டை மட்டும், பழையவர்கள் யாராவது எதையாவது தேடிவந்தால் கொடுப்பதற்கு என்று, இன்னும் இணைப்பில் வைத்திருந்தார்கள். வைத்திருக்க வேண்டாம். அதை அன்றைக்கே கழற்றி வீசியிருந்தால் இன்றைக்கு இந்த நிலைமை இல்லை. பார், பழி இப்போது வட்டின் மேல் போகிறது.

நாச்சம்மையை அவர் பார்த்ததில்லை. காரைக்குடிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆசிரியை, நாற்பத்தைந்து வயதாவது இருக்கும், எட்டு வருஷமாகப் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவும் விண்ணப்பத்தில் இருந்தது. ராமநாதபுரம் கரையோரத்து மண்ணை ஆறு கோடிக் கட்டமாக வெட்டிக்கொண்டு, கடல் நீர் நிலத்துக்கு அடியில் எவ்வளவு தூரம் உள்ளே ஏறும் என்று ஐம்பது வருஷத்துக்கு நாள் நாளாகக் கணக்கிடுவது அவர் வேலை. எந்த ஊர்க் கிணறு எந்த வருஷம் உவர்க்கும் என்று சொல்லிவிடலாம் சார் என்று ஒரு தடவை போனில் சொன்னபோது சற்குணத்துக்கு உடம்பு சிலிர்த்தது. பெரிய நிறுவனத்துக்காரர்களுக்கு இயந்திரத்தில் பெரிய பங்கு உண்டு, மழை, மருந்து, விமான இறக்கை என்று. இவருக்குக் கொடுத்தது ஓரத்துத் துக்கடா. யாருடைய வேலையாவது சீக்கிரம் முடிந்தால் அந்த இடைவெளியில் நாச்சம்மையின் கணக்கு இரண்டு மணி நேரம் ஓடும், மறுபடி வரிசையில் போய் நிற்கும். அப்படி நின்று நின்று பதினான்கு மாதம். ஜூலைக் கடைசியில் முடிந்தது. முடிந்த விடைகளை வந்து வட்டில் பிடித்துக்கொண்டு போக வேண்டும், கல்லூரி இணைய இணைப்பில் இழுத்தால் அடுத்த வருஷம் ஆகிவிடும். வரக் கிளம்பிய வாரத்தில் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆகஸ்டில் போன் வந்தது. நான் வர ரெண்டு மாசம் ஆகும் போலிருக்கு சார், அதுவரைக்கும் ஃபைலெல்லாம் அங்கே இருக்குமா? அறுபது நாள் யாரும் தொடாத கோப்புகளை நிரல் துடைத்துவிடும் என்பது மையத்து விதி. தற்காலிக இடம் என்பது தற்காலிக இடம்தான், சத்திரத்தில் வீடு கட்ட முடியாது. ஆனால் விலக்குப் பட்டியல் என்று ஒன்று உண்டு. அதில் ஒரு வரி சேர்த்தால் நிரல் அந்த இடத்தைத் தொடாமல் தாண்டிப் போகும். கவலையே படாதீங்க மேடம் என்று அவர் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டினார். சேர்த்தாச்சு என்றார். விசைப்பலகைச் சத்தம் அந்தம்மா காதிலும் விழுந்திருக்கும்.

சேர்த்தாரே. பொய் சொல்லவில்லையே. அந்த வரி இதோ இருக்கிறது, கண்ணெதிரே இருக்கிறது, தேதியோடு, நேரத்தோடு. பாலாற்றின் பட்டியலில் இருக்கிறது. ஏழு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு போய்வந்த பாதை, விரல் தானாக அங்கேயே போயிருக்கிறது. மனது போனில் இருந்திருக்கிறது. வீடு மாறிப்போன பிறகும் ஆபீஸ் விட்டுப் பழைய தெருவுக்கே போய் நிற்கிறவர்கள் உண்டு, அவர்களுக்காவது கதவில் வேறு பெயர் தெரியும், திரும்பிவிடுவார்கள். இவர் போய் நின்ற இடத்தில் கதவு திறந்தே கிடந்தது, பட்டியல் வாங்கிக்கொண்டது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் பட்டியலை எந்த நிரலும் படிப்பதில்லை. யாரும் படிக்காத பட்டியலில் ஒரே ஒரு புதிய வரி. அறுபத்தோராவது நாள் வந்தது, எழுபத்தைந்தாவது நாள் வந்தது, நடுவில் இரண்டு துப்புரவு நாட்கள் எப்படித் தப்பின என்று காலையில் ஒரு கணம் தெய்வச் செயல் மாதிரி ஆச்சரியப்பட்டார், பிறகு பார்த்தால் குளிர்நீர்க் குழாய் பழுதில் செப்டம்பர் கடைசியிலிருந்து நிரல் ஓடவே இல்லை. நேற்றுத்தான் ஓடியது. ஒரே ஒரு நாள். அந்தம்மா நேற்று முன்தினம் வந்திருந்தால். மாமியார் ஒரு வாரம் முன்னதாக எழுந்து நடந்திருந்தால். வயதானவர்கள் குளியலறையில் பார்த்து நடக்கக் கூடாதா? அட, இப்போது பழி அந்தக் கிழவியின் இடுப்பில் வந்து நிற்கிறது.

மணி பன்னிரண்டு பத்து. மேடவாக்கம் கூட்டுரோட்டில் நெரிசல் இருக்க வேண்டும். இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். காத்திருக்கும் கணக்குகளைக் காட்டும் வரிசைத் திரையில் வேலைகள் நகர்ந்துகொண்டிருந்தன. வேலைக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கணினிக்குக் கவலையில்லை. மனிதர்கள் அந்தப் பெயரில்தான் தங்களைக் கொட்டுவார்கள். ஒருவர் எல்லா வேலைக்கும் தன் மகள் பெயரை வைத்து ஒன்று இரண்டு என்று எண் போடுவார், இப்போது முந்நூற்றுப் பத்தாவது மகள் ஓடிக்கொண்டிருக்கிறாள். இன்னொருவர் ‘கடைசி’ என்று வைப்பார், அடுத்த வாரம் ‘கடைசி2’, அதற்கடுத்து ‘நிஜக்கடைசி’. ஒரு ஆராய்ச்சி மாணவி ‘கடவுளே’ என்று வைத்தாள், அது மூன்று நாள் வரிசையில் நின்று, ஓட ஆரம்பித்த நாலாவது நிமிடம் விழுந்தது. சற்குணத்துக்கு இந்த ஊரில் தெரிந்தவர்கள் இவர்கள்தான். முகம் தெரியாது. யார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், யார் அவசரக்காரர், யாருக்குத் திருமணமாகி ஒரு மாதமாக வேலையே வரவில்லை, எல்லாம் தெரியும். அவர்களுக்குத்தான் இவரைத் தெரியாது. தக்கலையில் அக்கா இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் பேசுவாள், இரண்டு நிமிடம், வேற விசேஷம் ஒண்ணும் இல்லல்லா என்று கேட்டு வைத்துவிடுவாள். பெண் பார்த்தது மூன்று, அமைந்தது பூஜ்யம், பிறகு பார்ப்பவர்களும் விட்டுவிட்டார்கள், ஐம்பத்தொன்றும் ஆகிவிட்டது. மேடவாக்கத்து வீட்டில் இரண்டு தட்டு உண்டு, ஒன்று வாங்கியபோது வந்த பிளாஸ்டிக் உறையிலேயே இருக்கிறது. நாச்சம்மையின் வேலைகளுக்கு ‘உப்பு’ என்று பெயர், ஆங்கில எழுத்தில். உப்பு1, உப்பு2. அந்தம்மா முதல் தடவை போன் செய்தது உப்பு6 விழுந்தபோது. பேசி முடித்து, பிழையைச் சரிசெய்து, வைக்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வைக்காமல், சாப்பிட்டீங்களா சார் என்று கேட்டார். மணி அப்போது மூன்று. அவர் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் மேடம் என்றார். போனை வைத்த பிறகு கீழே போய்ச் சாப்பிட்டார்.

அது அவர்கள் ஊர்ப் பழக்கம். எல்லாரிடமும் கேட்பார்கள், பால்காரரிடமும் கேட்பார்கள். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. வேறு எந்த நினைப்பும் அவருக்குக் கிடையாது, அந்த மாதிரி ஆள் இல்லை அவர். மாதத்துக்கு ஒரு போன், சில மாதம் இரண்டு. பதினான்கு மாதத்தில் மொத்தம் பத்தொன்பது. எண்ணி வைத்திருக்கிறார் என்பது தெரிந்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. சரி, இப்போது அது எதற்கு? யோசிக்க வேண்டியது வேறு. விதி பதினொன்று தெளிவாக இருக்கிறது: தற்காலிக இடத்தில் உள்ள கோப்புகளுக்குப் பயனரே பொறுப்பு. கையெழுத்துப் போட்டிருக்கிறார் அந்தம்மா. ஆகஸ்டு போன் பேச்சுக்கு எந்தச் சான்றும் இல்லை, சான்று என்று இருப்பது பழைய பட்டியலில் அந்த ஒரு வரி மட்டும். அந்த வரியை எடுத்துவிட்டால் முடிந்தது. ஒரு விசை. இல்லையென்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம், அந்த வட்டை டிசம்பரில் கழற்றத்தான் போகிறார்கள். நான் சேர்த்தேன் மேடம், சிஸ்டம் எப்படியோ விட்டுவிட்டது என்று சொல்லலாம். சிஸ்டம் என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள், சிஸ்டத்தைப் பார்த்து யார் கேள்வி கேட்பார்கள். அந்தம்மா அழுவாரோ? அழுதால் ஆறுதல் சொல்லலாம். ஆறுதல் சொல்லும் தன்னை மனதில் பார்த்தபோது அவருக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

ஏனென்றால் இன்னொரு தாள் இருக்கிறது, இழப்பீட்டுப் படிவம், காலையிலிருந்து திரையின் ஓரத்தில் முடிக்காமல் திறந்தபடி. மையத்தின் தவறால் விடைகள் அழிந்தால் பயனருக்கு அந்தக் கணினி நேரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுவும் ஓரத்துத் துக்கடாவாக இல்லை, வரிசையில் நிற்காமல், தனியாக அலமாரி ஒதுக்கி. நாச்சம்மையின் தொடக்கக் கோப்புகள் சின்னவை, வேறு இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஒதுக்கிக் கொடுத்தால் பதினான்கு மாதத்தை நாற்பது நாளில் மறுபடி ஓட்டிவிடலாம். நவம்பர் கடைசியில் விடை கைக்கு வரும். டிசம்பர் முப்பத்தொன்றில் பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு முடிகிறது, அதற்கு மேல் பதிவு ரத்து, எட்டு வருஷமும் தண்ணீரில். ஒதுக்கீட்டுக் குழு புதன்கிழமை மூன்று மணிக்குக் கூடும். இன்றைக்குப் புதன். அடுத்த வாரம் தீபாவளி, அதற்கடுத்த வாரமும் குழு கூடாது, அடுத்த கூட்டம் நவம்பரில், அது உதவாது. ஆக இன்றைக்கு மூன்று மணிக்குள் அந்தத் தாள் மாடிக்குப் போக வேண்டும். தாளில் எல்லாம் நிரப்பியாயிற்று. பயனர் பெயர், அளவு, அழிந்த தேதி. ‘காரணம்’ என்ற கட்டம் மட்டும் காலி. சிஸ்டம் விட்டுவிட்டது என்று அதில் எழுதினால் குழு ஒத்துக்கொள்ளாது, எந்த நிரல், எந்தப் பிழை, காட்டு என்பார்கள். நிரலில் பிழையே இல்லை. அதுதான் நேர்த்தியாக எழுதியிருந்தாரே. எழுதினால் ஆள் பெயர்தான் எழுத வேண்டும். உடன் வேலைபார்த்த கோதண்டபாணி இப்படித்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மருந்துக் கம்பெனியின் கோப்பைத் தவறி அழித்தார், ஒப்புக்கொண்டார், அடித்தளத்தில் பொருட்கிடங்குக்கு மாற்றினார்கள். உடைந்த நாற்காலிகளுக்கும் பழைய விசைப்பலகைகளுக்கும் பொறுப்பாளர். ஜன்னல் இல்லை. வரிசைத் திரை இல்லை. அந்த மனிதருக்காவது சாயங்காலம் போக ஒரு வீடு இருந்தது, பிள்ளைகள் இருந்தன. இவருக்கு இந்த இரைச்சல்தான் வீடு. இதை எடுத்துவிட்டால் என்ன மிச்சம் இருக்கும்? உறை பிரிக்காத ஒரு தட்டு.

டிக்கெட் போட்டிருந்தால் இதெல்லாம் வந்தே இருக்காது. கோபம் வந்தது அவருக்கு, காலையிலிருந்து முதல் தடவையாக, சுகமான கோபம். டிக்கெட் என்றால் மையத்து இணையதளத்தில் கோரிக்கை எழுதிப் போடுவது. விலக்கு வேண்டும் என்று டிக்கெட் போட்டால் ஆள் கையே படாது, புதுப் பட்டியலில் தானாகச் சேர்ந்துவிடும், எண்ணோடு பதில் போகும். அதற்காகத்தானே அந்த ஏற்பாடு. எல்லாரும் போடுகிறார்கள், ‘நிஜக்கடைசி’ ஆள்கூடப் போடுகிறார். படித்தவர், கல்லூரியில் பாடம் எடுக்கிறவர், இதைச் செய்யத் தெரியாதா? முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? போன் செய்தால் இப்படித்தான் ஆகும். கோபம் நன்றாகச் சூடேறி வந்தபோது அந்த ஆகஸ்டுப் பேச்சின் வால் ஞாபகத்துக்கு வந்து அவரைப் பிடித்து நிறுத்தியது. காலையிலிருந்து நாலைந்து தடவை இந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்து வந்து அவர் திரும்பிப் போயிருந்தார். நான் டிக்கெட் போட்டுடறேன் சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்றுதான் அந்தம்மா சொன்னார். முதலிலேயே சொன்னார். அதற்கு இவர் என்ன சொன்னார்? டிக்கெட்டெல்லாம் வேண்டாம் மேடம், அது யார் யார் கைக்கோ போகும், எதுவானாலும் எனக்கே போன் பண்ணிடுங்க. அது யார் கைக்கும் போகாது. அது அவருக்குத் தெரியும். உப்பு9 சமயத்திலும் இதையேதான் சொன்னார். பத்தொன்பது போன்களில் முதல் நாலைத் தவிர மீதியெல்லாம் இப்படி வரவழைத்த போன்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதையாவது பார்க்க வேண்டும் என்று எழுந்து போய் நின்றார். விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு கடலோரக் கிணறு உவர்க்கும் நாளை ஒருத்தி கண்டுபிடித்து வைத்திருந்தாள், ஒரு வார்த்தை விசாரிப்புக்காக அதை அவர் அழித்துவிட்டார். கண் கலங்கியது. ஐம்பத்தொரு வயதுக்கு இது கேவலம் என்று சொல்லிக்கொண்டார், ஆனாலும் நிற்கவில்லை.

ஒன்று இருபதுக்கு வரவேற்பிலிருந்து கூப்பிட்டார்கள். உங்களைப் பார்க்க காரைக்குடியிலேர்ந்து ஒருத்தங்க வந்திருக்காங்க சார். மேலே அனுப்பச் சொன்னார். லிஃப்ட் ஏறிவர ஆகும் நேரத்தில் பழைய பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டார். அந்த வரியில் போய் நின்றார். விரல் அழிக்கும் விசைக்கு மேலே இருந்தது. எதற்காகத் திறந்தார் என்று பிற்பாடு யோசித்தாலும் அவரால் சொல்ல முடியாது. கதவு திறந்தது.

அவர் நினைத்ததைவிடக் குள்ளமாக, கொஞ்சம் பருமனாக, இரயில் தூக்கம் கண்ணில் ஒட்டியபடி நாச்சம்மை வந்தார். ஒரு தோளில் மடிக்கணினிப் பை. கையில் மஞ்சள் பை, அதற்குள் கல்லூரியில் இரவல் வாங்கிய இரண்டு வட்டுகள், துண்டில் சுற்றி. குளிருக்குச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வந்ததும் வராததுமாக ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். மணகோலம் சார், எங்கள் ஊர்ப் பலகாரம், மாமியார் உட்கார்ந்துகொண்டே பக்குவம் சொன்னார், நான் செய்தேன், விழுந்த பிறகு அவருடைய முதல் வேலை என்று சிரித்தார். குரல் மட்டும் போனில் கேட்ட அதே குரல். அந்தக் குரல் அடுத்து என்ன கேட்கப் போகிறது என்று சற்குணத்துக்குத் தெரியும். அது வருவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், வந்துவிட்டால் சொல்ல முடியாது.

“மேடம், உங்க ரிசல்ட் இல்ல. நேத்துக் காலையில அழிஞ்சு போச்சு.”

நாச்சம்மையின் சிரிப்பு உடனே போகவில்லை. போக வேண்டும் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. “சேர்த்தாச்சுன்னு சொன்னீங்களே சார்.”

“சேர்த்தேன். பழைய மெஷினோட லிஸ்ட்ல சேர்த்திருக்கேன். அதை இப்ப யாரும் படிக்கிறதில்ல. இதோ பாருங்க.” திரையைத் திருப்பினார். தன் பெயர் போட்ட வரியை அந்தம்மா பார்த்தார். தேதியையும் பார்த்தார். வட்டுகள் இருந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, பாடம் நடத்துகிறவருக்கே உரிய ஒழுங்கோடு, ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கேயும் நகல் இல்லையா? இல்லை. மீட்க வழியே இல்லையா? இல்லை. டிக்கெட் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தானாகச் சேர்ந்திருக்கும் என்றார் சற்குணம்.

“நான் போடுறேன்னுதானே சொன்னேன். நீங்கதானே வேண்டாம்னீங்க. ஏன் சார்?”

இதற்கு ஒரு பதில் காலையிலேயே தயாராக இருந்தது. வீட்டில் ஆஸ்பத்திரி அலைச்சலில் இருந்தீர்கள், உங்களுக்குச் சிரமம் வேண்டாமே என்றுதான். பாதி உண்மையும் அதில் உண்டு. அதை எடுத்து வாய்வரைக்கும் கொண்டுவந்தார்.

“டிக்கெட் போட்டா நீங்க போன் பண்ண மாட்டீங்க. அதனாலதான்.”

அந்தம்மா அவரை அப்போதுதான் நேராகப் பார்த்தார். சற்குணத்துக்குக் காதெல்லாம் எரிந்தது. பார்வையைத் திரையில் நட்டுக்கொண்டு, ஓரத்தில் இருந்த தாளை நடுவுக்கு இழுத்து, காரணம் என்ற கட்டத்தில் எழுத ஆரம்பித்தார். கணினிப் பொறுப்பாளர் சற்குணம், பயனரை முறைப்படி கோரிக்கை பதிய விடாமல் தடுத்து, விலக்கைத் தவறான பட்டியலில் சேர்த்ததால். எழுதுவதை நாச்சம்மை பின்னாலிருந்து படித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. தடுத்து என்ற சொல்லில் ஒரு கணம் நின்றார், மாற்றவில்லை. அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு மாடிக்கு எடுத்துக்கொண்டு போனார். இயக்குநர் அம்மையார் இரண்டு தடவை படித்தார், அவரும் நல்லவர்தான், இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்டார், வேண்டும் என்றதும் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். மூன்றரைக்குக் கதவைத் திறந்து சொன்னார்: நாற்பது நாள், நாலு அலமாரி, இன்றைக்கே தொடங்கலாம். வரிசைப் பொறுப்பை வெள்ளிக்கிழமை ஒப்படைத்துவிடுங்கள், விசாரணை முடியும்வரை கீழே கிடங்கைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சரி மேடம் என்றார் சற்குணம்.

நாச்சம்மை அதே நாற்காலியில் இருந்தார். முகம் கழுவியிருந்தார், அழுததை யாரும் கேட்க வேண்டாம் என்பதுபோல் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். நாற்பது நாள் என்று சொன்னார் சற்குணம். அந்தம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், எழுத ஐந்து வாரம்தான் மிஞ்சும் என்றார், எழுதிடலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். தொடக்கக் கோப்புகளை இருவருமாகச் சரிபார்த்தார்கள், வேலையைப் பற்றி மட்டும் பேசினார்கள், ஒரு பிழையும் இல்லை. எழுந்து பையைத் தோளில் மாட்டினார். சாயங்கால வண்டியைப் பிடித்தால் திருச்சி போய் அங்கிருந்து பஸ் ஏறிவிடலாம். கதவுவரை போய் நின்றார். குரலில் சூடு இல்லை, ஒரு நடைமுறையைச் சரிசெய்கிறவர் பேச்சுத்தான்.

“இனிமே டிக்கெட்டே போட்டுடறேன் சார்.”

“அதுதான் மேடம் சரி” என்றார் சற்குணம்.

மணகோலம் டப்பா விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே இருந்தது. மறந்துவிட்டுப் போனாரா, வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனாரா என்று அவருக்குத் தெரியவில்லை, மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். ஐந்து மணிக்கு நாலு அலமாரிகள் விடுபட்டன. வரிசைத் திரையின் உச்சியில், எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் முன்னால், நாச்சம்மையின் வேலை வந்து நின்றது. உப்பு1 என்று மறுபடி ஒன்றிலிருந்து. ஓட ஆரம்பித்து முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று கரையோரத்து மண்ணுக்குள் கடல் ஏறத் தொடங்கியது. ஐந்து இருபதுக்கு ஒரு டிக்கெட் வந்தது. பெயர், பயனர் எண், துறை, எல்லாக் கட்டமும் முறையாக நிரப்பியிருந்தது. கோரிக்கை என்ற கட்டத்தில், வேலை தொடங்கிவிட்டதா எனத் தெரிவிக்கவும் என்று இருந்தது. அவர் தொடங்கிவிட்டது என்று எழுதி அனுப்பினார். அதற்கு ஒரு எண் கிடைத்தது, டிக்கெட் தானாக மூடிக்கொண்டது. வேறு ஏதாவது கட்டம் இருக்கிறதா என்று மறுபடி ஒரு தடவை திறந்து பார்த்தார், இல்லை. அன்றைக்கு அவர் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.